‘ஸொரி’ சொன்னால் போதுமா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

புகழனைத்தும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரித்தாகுக. ஸலவாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

நம்மில் ஆங்கிலம் கற்றவர்களும் கல்லாதவர்களும் நாளொன்றுக்குப் பல தடவைகள் மொழிகின்ற ஓர் ஆங்கிலச் சொல் உண்டு. அதுதான் ‘ஸொரி’ என்பதாகும். பேச்சுப் பழகும் குழந்தையும் இச்சொல்லை அறிந்து வைத்திருக்கின்றது. பஸ் வண்டியில் அடுத்தவரின் காலை மிதித்தவர் ‘ஸொரி’ என்கிறார். தொலைபேசியில் இலக்கம் தவறி அழைத்தவரும் ‘ஸொரி’ என்கிறார். வாங்கிய கடனைக் குறித்த தவணையில் கொடுக்காதவரும், விருந்தினர் முன்னிலையில் மனைவியை இழிவாகப் பேசிய கணவரும் அதே சொல்லையே சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கச் செல்கின்றனர்.

கால் மிதிபட்ட நோவு ஒரு நிமிடத்தில் ஆறிவிடும். அதற்கு அச்சொல் போதுமானது. ஆனால் கடனுக்கும் மானத்துக்கும் அதே சொல் போதுமா? இக்கேள்வியையே இன்று உங்களுடன் சேர்ந்து சிந்திக்க விரும்புகின்றேன்.

ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி மார்க்க உரையில் பேசுவதா என எவரும் எண்ண வேண்டாம். மனிதர்களின் மொழிகள் வேறுபட்டிருப்பதைத் தனது அத்தாட்சிகளுள் ஒன்றாக அல்லாஹுதஆலா ஸூரா அர்ரூமின் 22ஆவது வசனத்தில் குறிப்பிடுகின்றான். எந்த மொழியும் நமக்கு அந்நியமன்று. அன்றியும், ஒரு சொல்லை அதன் அயற்சொற்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் அதில் இருப்பது எது, இல்லாதது எது என்பது நமக்கு விளங்கும்.

ஆங்கிலத்தில் அச்சொல்லும் அதன் அயற்சொற்களும்

‘ஸொரி’ என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில் ‘ஸாரிக்’ என வழங்கியது. புண், நோவு எனப் பொருள்படும் ‘ஸார்’ என்பதே அதன் வேர். இன்றைய ஆங்கிலத்தில் புண்ணைக் குறிக்கும் ‘ஸோர்’ என்பதும் அவ்வேரில் பிறந்ததே. துக்கத்தைக் குறிக்கும் ‘ஸொரோ’ என்பது ஓசையில் இதற்கு நெருங்கியதாயினும் வேரால் வேறானது. ஆகவே, ‘ஸொரி’ என்று ஒருவர் சொன்னால் அதன் ஆதிப் பொருள், ‘எனது உள்ளம் புண்பட்டிருக்கிறது’ என்பதாகும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இச்சொல் சொல்பவரின் உள்ள நிலையையே கூறுகின்றது. ‘நான் தவறு செய்தேன்’ என்ற ஒப்புதல் அதனுள் கட்டாயமாக இருப்பதில்லை. மரண வீட்டுக்குச் செல்லும் ஆங்கிலேயரும் ‘ஸொரி’ என்றே அனுதாபம் தெரிவிக்கிறார். அந்த மரணத்துக்கு அவர் காரணமானவர் அல்லர். காது கேளாதபோது ‘மறுபடி சொல்லுங்கள்’ என்பதற்கும் அதே சொல்தான்.

‘அபொலஜி’ என்பது அதன் அயற்சொல். இதன் மூலமாகிய ‘அபொலொகியா’ என்னும் கிரேக்கச் சொல், குற்றஞ்சாட்டப்பட்டவர் தன்னை நியாயப்படுத்திப் பேசும் உரையைக் குறித்தது. கி.மு. 399இல் ஏதென்ஸ் நகர நீதிமன்றத்தில் சோக்ரடீஸ் பேசியதாக பிளேட்டோ எழுதிய நூலின் பெயரும் அதுவே. அந்நூலில் சோக்ரடீஸ் எவரிடமும் மன்னிப்புக் கோரவில்லை. தன் பக்க நியாயத்தையே எடுத்துரைக்கின்றார். இன்று அச்சொல் மன்னிப்புக் கோருதலைக் குறித்தாலும், நம்மில் பலர் மன்னிப்புக் கேட்கும் விதத்தைப் பார்த்தால் அதன் பழைய பொருளே இன்னும் நிலைத்திருப்பதாகத் தோன்றும். ‘நான் அப்படிச் சொன்னது பிழைதான், ஆனால் நீ மட்டும் என்ன செய்தாய்?’ என்று நாம் தொடங்குவதில்லையா?

‘எக்ஸ்கியூஸ்’ என்பது இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. குற்றச்சாட்டிலிருந்து வெளியே எடுத்தல் என்பது அதன் கருத்து. ‘ரிக்ரெட்’ என்பதன் மூலமாகிய பழைய பிரெஞ்சுச் சொல், இறந்தவருக்காகப் புலம்புவதைக் குறித்தது. நடந்தது நடந்துவிட்டதே என்ற ஏக்கம் அதில் உண்டு. நடத்தியவர் யார் என்பது இல்லை. ‘பார்டன்’, ‘ஃபொர்கிவ்’ ஆகிய இரு சொற்களின் உள்ளேயும் ‘கொடுத்தல்’ என்ற பொருள் இருக்கின்றது. எனவே அவை தவறு செய்தவரின் சொற்களல்ல. பாதிக்கப்பட்டவர் மனமுவந்து கொடுப்பதைக் குறிக்கும் சொற்கள்.

இவை வெறும் அகராதி வேறுபாடுகள் என எண்ணிவிடாதீர்கள். அவுஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். அந்நாட்டின் ஆதிக்குடிகளின் பிள்ளைகள் பலர் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அரசாங்கத்தின் கொள்கையினால் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டனர். இது பற்றிய விசாரணை அறிக்கை 1997இல் வெளிவந்தது. 1999 ஓகஸ்ட் மாதத்தில் பிரதமர் ஜோன் ஹவார்ட் பாராளுமன்றத்தில் முன்வைத்த பிரேரணை ‘ரிக்ரெட்’ என்ற சொல்லோடு நின்றுகொண்டது. ‘ஸொரி’ என்று சொல்ல அவர் இணங்கவில்லை. 2008 பெப்ரவரி 13ஆந் திகதி பிரதமர் கெவின் ரட் அதே பாராளுமன்றத்தில் அந்தச் சொல்லைச் சொன்னார். அதைக் கேட்டு முதியவர்கள் கண்ணீர் விட்டார்கள். ஆயினும், மத்திய அரசு தனது நேரடி ஆட்சியின் கீழிருந்த பிரதேசங்களில் பிரிக்கப்பட்டு உயிருடன் எஞ்சியிருந்தோருக்குத் தலா 75,000 டொலர் வழங்கும் திட்டத்தை அறிவித்தது 2021ஆம் ஆண்டில்தான். சொல் வருவதற்கு ஒரு தலைமுறை சென்றது. சொல்லுக்குப் பின்னால் பொருள் வருவதற்கு மேலும் பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. அதற்கிடையில் கபுறுக்குப் போனவர்களின் நிலை என்ன?

நமது தமிழில்

தமிழில் ‘வருந்துகிறேன்’ என்பது ‘ஸொரி’ என்பதற்கு மிக நெருங்கியது. ‘மன்னிப்பு’ என்பது நாம் கேட்பது. ஆனால் நம் ஊர்ப் பெரியவர்களின் வாயில் பெரிதும் வழங்கிய சொல் ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்பதாகும். பொறுத்தல் என்றால் சுமத்தல். கூரையின் பாரத்தைத் தூண் பொறுக்கின்றது. ஆகவே, ஒருவரிடம் ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்கும்போது, நான் உண்டாக்கிய பாரத்தை நீங்கள் சுமந்துகொள்ளுங்கள் என்றே கேட்கின்றோம். எவ்வளவு பெரிய கோரிக்கை! நாம் செய்த தவறின் பாரத்தை, அத்தவறினால் ஏற்கனவே நொந்து போயிருப்பவரின் தோளில் ஏற்றுவதற்கு எந்த முகத்தோடு செல்ல வேண்டும் என்பதை இச்சொல்லே நமக்குக் கற்பிக்கின்றது.

அரபு மொழியில் இச்சொற்கள்

அல்குர்ஆனும் ஹதீஸும் இவ்விடயத்தில் ஒரு சொல்லோடு நிற்கவில்லை. தவறு செய்தவருக்கு ஒரு தொகுதிச் சொற்களும், தவறிழைக்கப்பட்டவருக்கு வேறொரு தொகுதிச் சொற்களும் உண்டு.

தவறு செய்தவரின் பக்கத்தில் முதலாவது ‘நதம்’, அதாவது உள்ளம் நொந்து கைசேதப்படுதல். ‘ஸொரி’ என்பதன் வேர்ப்பொருளுக்கு நேரானது இதுவே. கைசேதப்படுதல்தான் தௌபா என்ற கருத்தில் நபிமொழி வந்துள்ளது. அதுவே அதன் உயிர்நாடி என அறிஞர்கள் விளக்குவர். எனவே உண்மையாகச் சொல்லப்படும் ‘ஸொரி’யை நாம் அற்பமாக நினைக்கலாகாது. அது வாசற்படி. ஆனால் வாசற்படியில் நிற்பவர் வீட்டினுள் நுழைந்தவராக மாட்டார்.

இரண்டாவது ‘இஃதிராஃப்’, அதாவது தன் தவறைத் தானே ஒப்புக்கொள்ளுதல். இதற்கு எதிரே நிற்பது ‘இஃதிதார்’, அதாவது சாட்டுக் கூறுதல். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டில் தபூக் யுத்தத்துக்குச் செல்லாது மதீனாவில் தங்கிவிட்டவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டோர், நபி (ஸல்) அவர்கள் திரும்பி வந்ததும் வரிசையாக வந்து சாட்டுகளைக் கூறினர். கஃப் பின் மாலிக் (ரழி) அவர்கள் சொல்வன்மை மிக்கவர். விரும்பியிருந்தால் அவர்கள் எல்லோரையும்விட அழகான சாட்டொன்றைக் கூறியிருக்கலாம். ஆனால் தமக்கு எந்தச் சாட்டும் இல்லை என்ற உண்மையை அவர்கள் அப்படியே ஒப்புக்கொண்டார்கள். அதன் விலையாக ஐம்பது நாட்கள் ஊரே அவர்களோடு பேசாதிருந்தது. பின்னர் அன்னாரதும் அவரைப் போன்ற மற்றிருவரதும் தௌபா ஏற்கப்பட்ட செய்தி, உலகம் உள்ளளவும் ஓதப்படும் அல்குர்ஆனில் ஸூரா அத்தௌபாவின் 118ஆவது வசனமாக இறங்கியது. சாட்டுச் சொன்னவர்களின் பெயர்களை இன்று யார் அறிவார்?

மனித வரலாற்றின் தொடக்கத்திலும் இதே வேறுபாட்டைக் காண்கின்றோம். ஆதம் (அலை) அவர்களும் ஹவ்வா (அலை) அவர்களும் தமக்குத் தாமே அநீதி இழைத்துக்கொண்டதாக ஒப்புக்கொண்டார்கள். இப்லீஸோ தன்னை வழிகெடுத்தது அல்லாஹ்வே என்று பழியைத் திருப்பினான். இரண்டும் ஸூரா அல்அஃராஃபில் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. ‘நான்’ என்று தொடங்கும் மன்னிப்புக் கோரல் ஆதமுடைய வழி. ‘நீதான்’ என்று முடியும் மன்னிப்புக் கோரல் யாருடைய வழி என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது ‘தௌபா’. அதன் பொருள் திரும்புதல். வழி தவறியவர் தான் தவறியதை எண்ணி அழுதால் மட்டும் வீடு வந்து சேரமாட்டார். திரும்பி நடக்க வேண்டும். நான்காவது ‘தஹல்லுல்’, அதாவது உரியவரிடம் சென்று அவரது உரிமையிலிருந்து தன்னை ஹலாலாக்கிக் கொள்ளுதல். தன் சகோதரனின் மானத்திலோ வேறெதிலோ அநீதி இழைத்தவர், தீனாரும் திர்ஹமும் பயனளிக்காத அந்த நாள் வருமுன் இன்றே அதிலிருந்து தன்னை விடுவித்துக்கொள்ளட்டும் என நபி (ஸல்) அவர்கள் ஏவியதை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள்.

இனித் தவறிழைக்கப்பட்டவரின் பக்கம். ஸூரா அத்தகாபுனின் 14ஆவது வசனத்தில், மனைவி மக்களால் ஏற்படும் நோவினைகளைப் பற்றிப் பேசும்போது அல்லாஹுதஆலா மூன்று சொற்களை ஒன்றாக அடுக்குகின்றான். ‘அஃப்வு’ என்பது அழித்துவிடுதல். மணலில் பதிந்த காலடித் தடத்தைக் காற்று அழித்துவிட்டது என்பதற்கு அரபிகள் இவ்வினையையே கையாள்வர். ‘ஸஃப்ஹு’ என்பது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கண்டும் காணாது விடுதல். புத்தகத்தின் பக்கத்துக்கு ‘ஸஃப்ஹா’ என்று சொல்வதும் இவ்வேரிலிருந்தே. ‘மஃபிரத்’ என்பது மூடிப் பாதுகாத்தல். போர்வீரர் தலையைக் காக்க அணியும் கவசத்துக்கு ‘மிஃபர்’ என்று பெயர். மக்கா வெற்றியின் நாளில், ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில், நபி (ஸல்) அவர்கள் தலையில் மிஃபர் அணிந்தவர்களாகவே அந்நகருள் நுழைந்தார்கள். இரத்தம் சிந்தப்படும் என மக்கள் அஞ்சிய அந்த நாளில், தம்மை ஊரைவிட்டு விரட்டிய மக்களைத் தமது மன்னிப்பினால் மூடிக் காத்தார்கள்.

தோழர்களின் மன்னிப்புக் கோரல்

அபூபக்ர் (ரழி) அவர்களுக்கும் உமர் (ரழி) அவர்களுக்கும் இடையே ஒருமுறை வாக்குவாதம் ஏற்பட்டது. அபூபக்ர் (ரழி) அவர்கள் அவசரப்பட்டு உமரைக் கடிந்துகொண்டார்கள். உடனே கைசேதப்பட்டு மன்னிப்புக் கேட்டார்கள். உமர் (ரழி) அவர்கள் இணங்கவில்லை. அபூபக்ர் (ரழி) அவர்கள் தமது ஆடையின் ஓரத்தைப் பற்றியவாறு, முழங்கால் வெளியே தெரியுமளவு விரைந்து நபி (ஸல்) அவர்களிடம் வந்து நடந்ததைக் கூறினார்கள். நபியவர்கள் அவருக்காக மும்முறை பாவமன்னிப்பு வேண்டினார்கள். சற்றைக்கெல்லாம் உமர் (ரழி) அவர்களும் மனம் வருந்தி அபூபக்ரின் வீட்டுக்குச் சென்று தேடி, அங்கே காணாது நபியவர்களிடம் வந்தார்கள். உமரைக் கண்டதும் நபியவர்களின் முகம் மாறியது. அந்த வேளையில் அபூபக்ர் (ரழி) அவர்கள் என்ன செய்தார்கள்? மண்டியிட்டு, அல்லாஹ்வின் மீது சத்தியமாகத் தாமே அதிகம் அநீதி இழைத்தவர் என்று இருமுறை கூறினார்கள். தீர்ப்புத் தமக்குச் சாதகமாக வரும் நேரத்திலும் தமது பங்கைக் குறைத்துச் சொல்ல அவர்கள் விரும்பவில்லை.

அபூதர் (ரழி) அவர்களின் சம்பவம் இன்னும் ஆழமானது. அவர்கள் ஒருமுறை ஒருவரை அவரது தாயைக் குறித்து ஏசிவிட்டார்கள். அபூதரிடம் இன்னும் அறியாமைக் காலத்துக் குணம் இருப்பதாக நபி (ஸல்) அவர்கள் கண்டித்து, உங்கள் பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள். நீங்கள் உண்பதிலிருந்து அவர்களுக்கு உண்ணக் கொடுங்கள். உடுப்பதிலிருந்து உடுக்கக் கொடுங்கள் என்ற கருத்தில் உபதேசித்தார்கள். பிற்காலத்தில் ரபதா என்னுமிடத்தில் அவர்களைச் சந்தித்த மஃரூர் என்பவர், அபூதரும் அவரது பணியாளரும் ஒரே விதமான ஆடை அணிந்திருக்கக் கண்டு காரணம் வினவினார். அபூதர் (ரழி) அவர்கள் அந்தப் பழைய சம்பவத்தையே பதிலாகக் கூறினார்கள். அன்பர்களே! வாயிலிருந்து வந்த ஒரு தீய வார்த்தைக்கு அவர்கள் வாழ்நாள் முழுவதும் ஆடையினால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனது கடன்

இதை எழுதும் எனக்கும் இவ்விடயத்தில் ஒரு கடன் உண்டு. அதை மறைத்துக்கொண்டு உங்களுக்கு உபதேசிப்பது முறையன்று.

அரபுக் கல்லூரியில் இறுதி வகுப்பில் ஓதிய காலத்தில் விடுதி ஒழுங்கைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஒரு மாணவரின் கைக்கடிகாரம் காணாமற் போயிற்று. யாரோ சொன்ன ஒரு பேச்சை நம்பி, இஷாத் தொழுகைக்குப் பின் சிறிய வகுப்பு மாணவன் ஒருவனை எல்லோர் முன்னிலையிலும் எழுப்பி, அவனுடைய பெட்டியைத் திறந்து தரையில் கொட்டச் செய்தேன். உம்மா கட்டிக் கொடுத்த தின்பண்டமும் இரண்டு சாரன்களும் கிதாபுகளுமே அதில் இருந்தன. இரண்டு நாட்களின் பின் அக்கடிகாரம் வுழூச் செய்யும் ஹவ்ழுக்கு அருகில் சுவர் மாடத்தில் கிடைத்தது. மறதியாக வைத்தவர் அதை எடுத்துக்கொண்டார். நான் படிக்கட்டில் அந்த மாணவனைக் கண்டு, தோளில் தட்டி, ‘ஸொரி தம்பி’ என்று சொல்லிவிட்டு வகுப்புக்குச் சென்றேன். என் கடமை முடிந்ததென்றே எண்ணினேன். அடுத்த விடுமுறைக்கு வீடு சென்ற அவன் ஓத வரவில்லை.

பதின்மூன்று ஆண்டுகளின் பின் ஒரு வலீமா விருந்தில் அவரைக் கண்டேன். பிள்ளைகளின் தந்தையாகியிருந்தார். இன்முகத்தோடு ஸலாம் சொன்னார். பேச்சினிடையே நான் அந்தச் சம்பவத்தைத் தொட்டேன். அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, “நானா, நீங்கள் சொன்ன ‘ஸொரி’ எனக்கு மட்டும்தான் கேட்டது. பெட்டியைக் கொட்டியதை எல்லோரும் கண்டார்கள்” என்றார்.

நான் கற்ற கிதாபுகளில் படித்தும் விளங்காதிருந்த ஒன்று அன்று விளங்கியது. காயம் சபையில் ஏற்பட்டது. மருந்தை நான் படிக்கட்டில் கொடுத்தேன். அந்த விருந்தில் இருந்த அக்காலத்து மாணவர்கள் ஐவரை அழைத்து, அவர் முன்னிலையிலேயே உண்மையைச் சொன்னேன். அவர் என்னை அணைத்துக்கொண்டார். ஆனால் அன்று அந்த மண்டபத்தில் அமர்ந்திருந்தவர்கள் ஐவர் மட்டுமல்லர். அவர் ஓதாமல் விட்ட ஆண்டுகளை நான் எங்கிருந்து கொண்டுவந்து கொடுப்பேன்? இந்த உரையும் அந்தக் கடனில் ஒரு தவணையே.

நான்காவது நிபந்தனை

இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ‘ரியாழுஸ் ஸாலிஹீன்’ நூலில் தௌபாவின் நிபந்தனைகளை எடுத்துரைக்கின்றார்கள். பாவத்தை விட்டு விலகுதல், செய்ததையிட்டுக் கைசேதப்படுதல், மீண்டும் செய்வதில்லை என உறுதி கொள்ளுதல் ஆகிய மூன்றும் அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையிலான பாவத்துக்குரியவை. மனிதரின் உரிமை சம்பந்தப்பட்டதாயின் நான்காவது ஒன்று சேர்கின்றது: அவ்வுரிமையை உரியவரிடம் ஒப்படைத்தல். பொருளானால் திருப்பிக் கொடுக்க வேண்டும். மானமானால் அவரிடம் விடுதலை கேட்க வேண்டும். புறம் பேசிய செய்தி அவரை எட்டியிராது, போய்ச் சொன்னால் அதைவிடப் பெரிய பகைமை மூளும் என அஞ்சினால், பேசிய அதே சபைகளில் அவரது நற்குணங்களை எடுத்துரைத்து அவருக்காகத் துஆச் செய்யுமாறு அறிஞர்கள் பலர் வழிகாட்டியுள்ளனர்.

இந்த நான்காவது நிபந்தனையைத்தான் நமது ‘ஸொரி’ விழுங்கிவிடுகின்றது. அது மட்டுமன்று, நமது ‘மாப்பும்’ விழுங்கிவிடுகின்றது.

ஹஜ்ஜுக்குப் புறப்படுபவர் உறவினர் வீடுகளுக்குச் சென்று பயணம் சொல்வது நம்மிடையே உள்ள நல்ல வழக்கம். ஆனால் இக்காட்சியை எண்ணிப் பாருங்கள். வாப்பா மௌத்தாகிப் பல ஆண்டுகளாகின்றன. அவர் விட்டுச் சென்ற கடையின் வாடகையை மூத்த சகோதரர் ஒருவரே பெற்று வருகின்றார். தங்கையின் பங்கு இதுவரை பிரிக்கப்படவில்லை. அவள் கணவனை இழந்து தையல் இயந்திரத்தை நம்பி வாழ்கின்றாள். சகோதரர் ஹஜ்ஜுக்குப் புறப்படுகின்றார். உறவினர் சூழ அவளது வீட்டுக்கு வந்து, “தங்கச்சி, தெரிந்தோ தெரியாமலோ ஏதும் குறை வைத்திருந்தால் மாப்புச் செய்துவிடு” என்கிறார். புனித பயணம் செல்லும் நானாவின் முகத்துக்கு முன்னால், பத்துப் பேர் பார்த்திருக்க, அவள் என்ன சொல்வாள்? “அல்லாஹ்வுக்காக மாப் நானா” என்று கண்களைத் துடைத்துக்கொள்கின்றாள். நானா நிம்மதியாகப் புறப்படுகின்றார்.

அவரது கழுத்திலிருந்த கடன் இறங்கிவிட்டதா? ஒரு முஸ்லிமின் பொருள் அவரது மனம் ஒப்பினாலன்றி ஹலாலாகாது என்ற கருத்தில் ஹதீஸ் வந்துள்ளது. வெட்கத்தினால் வாய் சொன்னது வேறு; மனம் ஒப்பியது வேறு. மேலும், இந்நாட்டில் நாம் பெரும்பான்மையாகப் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், எவ்வளவு என்று அறியாத ஒரு கடனை விட்டுக்கொடுப்பது செல்லாது என்பதே இமாம் நவவியவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலில் உள்ள தீர்ப்பாகும். தனக்கு வர வேண்டியது எவ்வளவு என்றே அறியாத தங்கையிடம் ‘ஏதும் குறை’ என்று பொதுப்படையாகக் கேட்டு வாங்கிய மாப்பு எந்தத் தராசில் நிறுக்கப்படும்? ஆண்களுக்குப் போலவே பெண்களுக்கும், சொத்து சிறிதாயினும் பெரிதாயினும், விதிக்கப்பட்ட பங்கு உண்டு என ஸூரா அந்நிஸாவின் 7ஆவது வசனம் அறிவிக்கின்றது.

அந்தச் சகோதரர் செய்திருக்க வேண்டியது மிக எளிது. யாருமில்லாத வேளையில் கணக்குக் கொப்பியோடு வந்து அமர்ந்து, “இத்தனை ஆண்டு வாடகை இவ்வளவு; உன் பங்கு இவ்வளவு; இதோ முதல் தொகை; மீதியை இன்ன தவணையில் தருவேன்; இதுநாள்வரை தராதது என் தவறு” என்று சொல்லியிருந்தால், அதுவே தஹல்லுல். அதன் பின் அவள் விரும்பி ஏதும் விட்டுக்கொடுத்தால் அது அவளது தாராளம்.

ஷஹீதின் பாவங்கள் யாவும் மன்னிக்கப்படும். கடனைத் தவிர என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் உண்டு. தொழுகை, நோன்பு, ஸகாத்துடன் மறுமைக்கு வந்து, ஏசப்பட்டவருக்கும், அவதூறு கூறப்பட்டவருக்கும், பொருள் அபகரிக்கப்பட்டவருக்கும் தன் நன்மைகளையெல்லாம் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும் வங்குரோத்துக்காரரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததும் அதே கிரந்தத்தில்தான் உள்ளது. அங்கே எவரது வாயிலும் ‘ஸொரி’ இராது. நன்மையும் தீமையுமே கைமாறும்.

மன்னிப்பவருக்கு ஒரு வார்த்தை

இதைப் படிக்கும் உங்களுள் தவறிழைக்கப்பட்டவர்களும் இருப்பீர்கள். உங்கள் உரிமையைக் கேட்பது பாவமன்று. அநீதி இழைக்கப்பட்டவர் தன் உரிமையைக் கோரினால் அவர்மீது குற்றமில்லை என ஸூரா அஷ்ஷூரா கூறுகின்றது. அதற்கு முந்திய வசனத்திலேயே, மன்னித்துச் சமாதானம் செய்பவரின் கூலி அல்லாஹ்விடம் இருப்பதாகவும் கூறுகின்றது. இரு வழிகளும் திறந்தே இருக்கின்றன. ‘மன்னித்துவிடு’ என்று பாதிக்கப்பட்டவரை நெருக்குவதற்கு நம்மில் எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும் அபூபக்ர் (ரழி) அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். தாம் செலவு கொடுத்து ஆதரித்து வந்த உறவினரான மிஸ்தஹ், தமது மகள் ஆயிஷா (ரழி) அவர்களைப் பற்றிய அவதூறைப் பரப்புவதில் பங்கு கொண்டபோது, இனி அவருக்கு உதவுவதில்லை எனச் சத்தியம் செய்தார்கள். மன்னித்து விட்டுவிடுமாறும், அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்ப மாட்டீர்களா என்றும் வினவி ஸூரா அந்நூரின் 22ஆவது வசனம் இறங்கியது. அவர்கள் தாம் விரும்புவதாகக் கூறி அந்த உதவியை மீண்டும் தொடங்கினார்கள். அவர்கள் மன்னித்தது வாயினால் மட்டுமன்று, கையினாலும்தான்.

எனவே, அன்பான வாசகர்களே! ‘ஸொரி’ என்ற சொல்லைக் கைவிடுமாறு நான் கூறவில்லை. அதன் வேரில் உள்ள புண்ணை உண்மையிலேயே உள்ளத்தில் உணர்ந்து சொல்லுங்கள். சொன்ன பின் மூன்று வினாக்களை உங்களிடமே கேளுங்கள். நான் செய்தது இன்னதென்று பெயர் குறித்து ஒப்புக்கொண்டேனா? சபையில் கெடுத்ததைச் சபையில் சீர்செய்தேனா? எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தேனா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால், நீங்கள் சொன்னது எந்த மொழிச் சொல்லாயினும் அது தௌபாவின் சொல்லே. ஒன்றுக்கேனும் ‘இல்லை’ என்றால், இன்றே எழுந்து செல்லுங்கள். அந்த வீட்டின் கதவு இன்னும் இருக்கின்றது. அதைத் திறப்பவரும் இன்னும் உயிரோடு இருக்கின்றார். நாளையும் இருவரும் இருப்பீர்கள் என்பதற்கு எவரும் பொறுப்பல்ல.

யா அல்லாஹ்! எங்கள் நாவுகள் சொல்வதை எங்கள் கைகள் நிறைவேற்றும் பாக்கியத்தைத் தந்தருள்வாயாக. பிறரின் உரிமையைச் சுமந்தவர்களாக எங்களைக் கபுறில் வைத்துவிடாதிருப்பாயாக. எங்களுக்கு அநீதி இழைத்தோரை மன்னிக்கும் விசாலமான உள்ளத்தையும், நாங்கள் அநீதி இழைத்தோரின் வாசலுக்குச் செல்லும் துணிவையும் எங்களுக்கு நல்குவாயாக. ஆமீன். வல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.